வீட்டுப் பாஷையில் ஒரு ஸ்க்ரீமோ

ஸ்க்ரீமோ என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அது மெட்டல் இல்லை என்றுதான் முதலில் சொல்வேன். கேட்டவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "ஓ, மெட்டல் மாதிரி ஒண்ணு" என்பார். பல வருஷமாக இதே கதைதான். எனக்கு எரிச்சல் வருவதும் இன்னும் நிற்கவில்லை.

மெட்டல் பாட்டில் போர் இருக்கும், பிசாசு இருக்கும், சங்கிலி இருக்கும். பாடுகிறவன் நம்மைவிடப் பெரிய ஆளாக மேடையில் நிற்பான். ஸ்க்ரீமோவுக்கு மூலமான எமோ என்ற வகையைப் பாடுகிறவன் பக்கத்து வீட்டுக்காரன். அவனை ஒருத்தி விட்டுப் போயிருப்பாள், அல்லது அவன் அப்பா அவனோடு பேசுவதில்லை, அல்லது எதற்கென்றே தெரியாமல் அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அமெரிக்காவில் ஹார்ட்கோர் பங்க் என்று ஒரு வகை இருந்தது. ஊரையும் அரசாங்கத்தையும் வேகமாகத் திட்டிவிட்டு இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோகும் பாட்டுகள். அந்தக் கூட்டத்தில் சிலர் எண்பதுகளில், ஊரைத் திட்டியது போதும் என்று, தங்கள் சொந்தச் சங்கதியைப் பாட ஆரம்பித்தார்கள். அது எமோ ஆனது. பாட்டின் கட்டமைப்பைக் கலைத்துப்போட்டு, நடுவில் நிறுத்தி, தாளத்தை மாற்றி, முணுமுணுப்பில் தொடங்கி இடியில் முடித்தவர்கள் போஸ்ட் ஹார்ட்கோர்க்காரர்கள். சொந்தச் சங்கதியைத் தொண்டை கிழியக் கத்தினால் ஸ்க்ரீமோ. எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பிக்கிறது என்று இணையத்தில் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையில் நான் இல்லை.

எனக்குப் புரிந்தவரைக்கும் அது வீட்டுச் சண்டையின் வடிவம். முதலில் மெதுவாகத்தான் பேசுவோம். ஒரு சொல் தவறிப் போகும், குரல் ஏறும், கத்துவோம். பிறகு யாரோ எழுந்து போய் முகம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கும். நல்ல ஸ்க்ரீமோ பாட்டில் இந்த மூன்றும் இருக்கும். கத்தல் மட்டும் இருக்கிற பாட்டை நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

இந்த இசை எனக்கு வந்து சேர்ந்தது சர்ச் வழியாக. நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. எங்களுடையது சௌராஷ்டிரக் குடும்பம். அப்பாவுக்குத் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம். ஆனால் கல்லூரியில் எனக்கு வாய்த்த நண்பன் மிஷன் பள்ளி ஆசிரியை ஒருவரின் மகன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையில் கிடார் வாசிப்பான். பெங்களூரில் இருந்த அவன் பெரியம்மா மகன், 'கிறிஸ்தவப் பாடல்கள்' என்று மார்க்கரில் எழுதி அவனுக்கு ஒரு எம்பி3 சிடி அனுப்பியிருந்தான். எழுதியதில் பொய் இல்லை. அந்தக் காலத்து ஸ்க்ரீமோ குழுக்களில் நிறையப் பேர் நிஜமாகவே விசுவாசிகள். ஆண்டவரைத்தான் கூப்பிட்டார்கள், கூப்பிட்ட விதம்தான் வேறு.

தல்லாகுளத்தில் அவன் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருந்த டிவிடி பிளேயரில் அதைப் போட்டான். முதல் பாட்டில் ஒருவன் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று வயிற்றிலிருந்து அலறினான். சமையலறையிலிருந்து நண்பனின் அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா அது, இம்புட்டு வேதனையோட ஜெபம் பண்றது?"

"சாட்சி சொல்றாரும்மா" என்றான் நண்பன்.

"பாவம். கர்த்தர் அவருக்குச் சமாதானம் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வைத்துக் கேட்க எங்களுக்கு அனுமதி இருந்தது.

எனக்கு அந்த ஆங்கிலத்தில் பாதி புரியவில்லை. ஆனால் அந்த அலறலைக் கேட்டதும் நெஞ்சில் எதுவோ இளகியது. அதற்குக் காரணம் எங்கள் வீடு.

அந்த வருஷம்தான் அண்ணன் வீட்டை விட்டுப் போயிருந்தான். வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போன இடத்தில் பழகிய, எங்கள் ஆட்களில் இல்லாத ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அங்கிருந்தே அப்பாவுக்கு போன் செய்து சொன்னான். கடையை அவன்தான் எடுத்து நடத்தப்போகிறான் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். போனை வைத்துவிட்டு, "இனிமே இந்த வீட்டுல அவன் பேரு வரக் கூடாது" என்றார். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். இங்கே அதைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். எங்கள் பாஷையில் அந்த வாக்கியம் இன்னும் சின்னது, இன்னும் மோசமானது.

அண்ணன் ஒன்றும் கண்காணாத தேசத்துக்குப் போய்விடவில்லை. விளாங்குடியில் குடியிருந்தான். பெரியார் பஸ் நிலையத்தில் டவுன் பஸ் ஏறினால் போய்விடலாம். அந்த ஊருக்கு என்னால் போக முடியவில்லை. அப்பா போகாதே என்று என்னிடம் சொல்லவும் இல்லை. பேரே வரக் கூடாது என்றால் ஊருக்கு எப்படிப் போவது? நானாகவே அப்படி எடுத்துக்கொண்டேன்.

அம்மாவின் பாடுதான் அதிகம். எங்கள் இருவரையும் கூப்பிடுவதென்றால் சின்ன வயதிலிருந்தே அம்மாவுக்கு ஒரு வழக்கம். யாரைக் கூப்பிடுவதாக இருந்தாலும் முதலில் அண்ணன் பேர்தான் வாயில் வரும், அதன் பிறகுதான் என் பேர். இரண்டு பிள்ளை பெற்ற எல்லா அம்மாக்களும் செய்வதுதான். அண்ணன் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. என்னைச் சாப்பிடக் கூப்பிட வாயைத் திறந்தால் அண்ணன் பேரில் முதல் எழுத்து வந்துவிடும். அதோடு நிறுத்தி, ஒரு தடவை எச்சிலை விழுங்கிவிட்டு, என் பேரைச் சொல்வாள். அந்த ஒற்றை எழுத்தை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பது என்னால் முடியாத காரியமாக இருந்தது. அண்ணன் வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வீட்டில் எனக்கு வாய் இல்லை.

நண்பன் ஒரு குழு ஆரம்பிக்கலாம் என்றான். அவன் கிடார். டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒருவன், பள்ளியில் சுதந்திர தின அணிவகுப்புக்கு சைடு டிரம் அடித்தவன், அவன் டிரம்ஸ். ஒரு மெல்லிசைக் குழு கழித்துப்போட்ட டிரம்ஸ் செட்டை எங்கிருந்தோ கொண்டுவந்தான். எனக்கு எந்த வாத்தியமும் தெரியாது என்பதால் நான் பாடகன். ஒத்தக்கடையில் நண்பனின் சித்தப்பா ஒருவர் வீடு கட்ட ஆரம்பித்துப் பூச்சு வேலைக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தார். கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஒயர் இழுத்து, கல்லூரி முடிந்த சாயங்காலங்களில் அங்கே வாசித்தோம். சுற்றிலும் பாதி பிளாட்டில் முள் மண்டிக் கிடக்கும், மீதிப் பாதியில் புது வீடுகள்.

கத்துவதை நான் தப்பாகத்தான் ஆரம்பித்தேன். தொண்டையை இறுக்கிக் கத்தினால் அடுத்த நாள் குரல் இருக்காது. மூச்சை அடிவயிற்றில் பிடித்து, தொண்டையைத் தளர்த்தி, கனமான மூட்டையைத் தூக்கும்போது தானாக வருமே ஒரு முக்கல், அங்கேயிருந்து தொடங்க வேண்டும். இது புரிய மாதக்கணக்கில் ஆனது. அதுவரை கரகரத்த குரலோடுதான் கடையில் உட்கார்ந்து வியாபாரிகளுக்குப் பதில் சொன்னேன். அப்பா ஒன்றும் கேட்காமல் மிளகும் பனங்கற்கண்டும் பொடித்த டப்பாவை என் பக்கம் தள்ளிவைப்பார். "பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படிக்கிறேன்" என்று ஒரு நாள் நானே சொல்லிக்கொண்டேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

ஒத்தக்கடையில் எதிர் பிளாட்டில் குடிவந்திருந்த அக்கா ஒருவர், கையில் துடைப்பத்தோடு வந்து வாசலில் நின்று கேட்டார்.

"தம்பி, உள்ள யாருக்கும் பல்லுவலியா?"

"இல்லக்கா, பாட்டு" என்றான் டிரம்ஸ்காரன்.

"எந்தப் படம்?"

"படத்துல வராதுக்கா."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குரல் சரியாக வந்த பிறகும் பாட்டு சரியாக வரவில்லை. நான் ஆங்கிலத்தில் எழுதினேன். தனிமை, இருட்டு, உடைந்த இதயம் என்று சிடியில் கேட்ட சொற்களையே கோத்து வைத்திருந்தேன். நண்பன் கிடாரை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்.

"மாப்ள, கோவிச்சுக்காத. நீ இங்கிலீஷ்ல கத்துறப்ப செமினார் குடுக்குற மாதிரியே இருக்கு."

தமிழில் முயன்றோம். தமிழில் கத்தினால் ஒன்று தேர்தல் கூட்டம் போல இருந்தது, இல்லாவிட்டால் சினிமாவில் வில்லன் தூக்கிலேறும் காட்சி போல இருந்தது. டிரம்ஸ்காரன் சிரித்துச் சிரித்துக் குச்சியைக் கீழே போட்டான். அதைவிடப் பெரிய சிக்கல், தமிழில் கத்தினால் எல்லாருக்கும் புரியும். புரிந்துவிடும் என்று தெரிந்தால் எனக்கு உண்மையான எதுவும் வாயில் வராது.

பாட்டு வந்தது ஒரு சண்டையால். அதைச் சண்டை என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் காலையில் அம்மா என்னைக் கூப்பிட வாயெடுத்து, நிறுத்த மறந்து, அண்ணனின் பேரை முழுசாகச் சொல்லிவிட்டாள். காபி குடித்துக்கொண்டிருந்த அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பாதிக் காபி அப்படியே இருந்தது. அம்மா அதை எடுத்துக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவினாள். ஒரு பேரைச் சொன்னதற்காக அவள் அவ்வளவு நேரம் அந்த ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஒத்தக்கடையில் அவர்கள் வாசிக்க ஆரம்பித்ததும், எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற பாஷையில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முதலில் பேச்சுபோலத்தான். கட்டிலில் நீ படுத்த பக்கத்துக்கு நான் இன்னும் புரண்டு படுக்கவில்லை. அம்மா உன் பேரில் ஒரு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறாள். டிரம்ஸ் ஏறியபோது கத்தினேன். அப்பா செத்தால்தான் வருவாயா? அதையே திரும்பத் திரும்ப, மூச்சு தீரும்வரை. அழுதிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மற்ற இரண்டு பேரும் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இது என்ன மாப்ள பாஷை?" என்றான் டிரம்ஸ்காரன்.

"எங்க வீட்டுப் பாஷை."

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"சும்மாவே இப்பிடின்னா இதையே வச்சுக்கிருவோம்" என்றான் நண்பன். அர்த்தத்தை அவன் கடைசிவரை கேட்கவில்லை. நல்லவன்.

கல்லூரிக் கலைவிழாவில் 'மேற்கத்திய இசை' என்ற தலைப்பில் எங்களை ஏற்றினார்கள். கூட்டம் குத்துப் பாட்டு கேட்டுச் சத்தம் போட்டது. நான் கத்தியபோது அவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள், அதனால் ஒருவிதத்தில் பொருத்தமாகத்தான் இருந்தது. முடிகிற நேரத்தில் பொறுப்பாசிரியர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டார். வெளியிலிருந்து வந்திருந்த நடுவர் மைக்கைப் பிடித்து, "முயற்சி நல்லா இருக்கு. ஆனா இங்கிலீஷ் உச்சரிப்பு இன்னும் தெளிவா இருக்கணும்" என்றார். நாங்கள் மேடைக்குப் பின்னால் போய் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த நடுவரால் எனக்குத் தைரியம் வந்தது. என்ன சொன்னாலும் யாருக்கும் புரியப்போவதில்லை.

அந்தத் தைரியத்தில் பாட்டைப் பதிவும் செய்தோம். சிம்மக்கல்லில் ஒரு மாடியில் பக்திப் பாட்டும் ஜவுளிக்கடை ஆட்டோ விளம்பரமும் பதிவு செய்கிற சின்ன ஸ்டுடியோ. அதன் உரிமையாளர் நான் முதல் தடவை கத்தியதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, மைக்கு தாங்காது. ஒரு எட்டு தள்ளி நின்னு கத்துங்க."

"சரிண்ணே."

"எம்புட்டு நேரம் இப்பிடி வரும்?"

"பாட்டு முடியிற வரைக்கும்ணே."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு பதிவு செய்தார். பழக்க தோஷத்தில் என் குரலுக்குக் கோயில் எக்கோ போட்டுவிட்டார். கர்ப்பக்கிருகத்தில் நின்று யாரோ கதறுவது போல இருந்தது. எங்களுக்கு அது பிடித்துப்போனதால் அப்படியே வாங்கிக்கொண்டோம்.

அப்போதுதான் எல்லார் கையிலும் ப்ளூடூத் போன் வர ஆரம்பித்திருந்தது. நண்பனின் போனிலிருந்து வகுப்புக்குப் போனது, வகுப்பிலிருந்து விடுதிக்கு, விடுதியிலிருந்து எங்கே என்று தெரியாது. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். யாருக்கும் புரியாத பாஷை என்று நினைத்த எனக்கு, எங்கள் ஊர் மகால் அரண்மனையைச் சுற்றியிருக்கிற தெருக்களில் பாதிப் பேருக்கு அதுதான் தாய்மொழி என்பது உறைக்கவே இல்லை. ஊர் முழுக்க ஒளிந்துகொள்ள இடம் இருக்க, நான் போய் எங்கள் ஆட்கள் நடுவிலேயே ஒளிந்துகொண்டேன்.

எங்கள் பையன்கள் பாட்டைக் கேட்டதும் கொண்டாடிவிட்டார்கள். எங்கள் பாஷையில் பஜனைப் பாட்டு உண்டு, கல்யாணப் பாட்டு உண்டு, இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. கத்துகிற இடத்தை மட்டும் வெட்டி ரிங்டோன் ஆக்கினார்கள். அதுவும் எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மதியம் நான் கடையில் சேலைகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடைக்காரர், எங்கள் ஆள்தான், அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. என் குரல். அப்பா செத்தால்தான் வருவாயா, அப்பா செத்தால்தான் வருவாயா.

எங்கள் பாஷையில் கத்தினால் யாருக்கும் புரியாது என்று நான் நம்பியிருந்தேன். தாய்மொழி என்றால் எந்தக் கத்தலிலும் புரியும். கடையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. பக்கத்துக் கடைக்காரர் போனை எடுத்துக் கட் செய்துவிட்டுச் சிரித்தார்.

"மகன் வச்சு விட்டான்ணே. நம்ம பாஷைல என்னமா கத்துறான் பாருங்க. உங்க சின்னவன் பாடுனதாம்ல, உங்களுக்குத் தெரியாதா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றார். பக்கத்துக் கடைக்காரருக்கு அப்போதுதான் அந்த வார்த்தைகளின் அர்த்தம் எங்கள் வீட்டோடு சேர்த்து விளங்கியிருக்க வேண்டும். முகம் மாறி, ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

உயிரோடு இருக்கிற தகப்பனைப் பற்றி வாயில் வரக் கூடாத சொல் அது. அதுவும் மத்தியானத்தில், வியாபாரம் நடக்கிற இடத்தில், நாலு பேருக்கு முன்னால். அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அண்ணனுக்குச் சொன்னதை எனக்கும் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். வந்திருந்த திண்டுக்கல் வியாபாரிக்கு அவர் நிதானமாகச் சேலை காட்டினார், விலை பேசினார், கட்டிக் கொடுத்து அனுப்பினார். கடை காலியானதும் சேலைக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"முழுசா வச்சிருக்கியா?"

"ம்."

"போடு."

என் போனில் போட்டேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் டிரம்ஸ் தகர டப்பாவைத் தட்டுவது போல இருந்தது. கட்டில் வந்தது, அம்மா வைத்திருக்கும் ஒற்றை எழுத்து வந்தது, கத்தல் வந்தது, எக்கோ அடங்கி முடிந்தது. அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரீமோவை இப்படி உட்கார்ந்து கேட்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை. தலையாட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஒருவர் தன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்கிறார் என்றால் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டார்.

பிறகு அண்ணனின் பேரைச் சொன்னார். முழுப் பேர். அதைச் சொல்லி, "அவன் கேட்டானா இத?" என்றார்.

"இல்லப்பா."

"குடுக்கலையா?"

"இல்ல."

"ஊரெல்லாம் கேட்டிருக்கு. யாரைக் கூப்பிட்டியோ அவனுக்குக் குடுக்கலைன்னா என்ன பாட்டு அது?" என்றார். "நாளைக்குக் கடை இல்ல. போய்க் குடுத்துட்டு வா."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சேலையை மடிக்கிறவனைப் போலத் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிறு காலை விளாங்குடிக்குப் போனேன். அண்ணன் மாடி போர்ஷனில் இருந்தான். கதவைத் திறந்தது அவன் மனைவி. யார் என்று நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது, அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மூக்கு. "வாங்க தம்பி" என்றார். நான் "அண்ணி" என்றேன். அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயால் சொல்கிறேன் என்பதால் சரியாக வரவில்லை.

அண்ணன் இளைத்திருந்தான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான், நன்றாக இருக்கிறாள் என்றேன். போனை நீட்டினேன். இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான். அண்ணி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்த பிறகும் அவன் திரும்பவில்லை.

"என்னங்க, என்ன சொல்லுது பாட்டு?" என்றார் அண்ணி. அவருக்கு எங்கள் பாஷை தெரியாது.

"வீட்டுக்குக் கூப்புடுறான்" என்றான் அண்ணன்.

"உங்களையா, நம்மளையா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். பாட்டில் நான் அவனை மட்டும்தான் கூப்பிட்டிருந்தேன். அத்தனை கத்தலில் இவரை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. கையில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். அண்ணி சிரித்துக்கொண்டே, "சரி, நீங்க போயிட்டு வாங்க. அத்தைய முதல்ல பாருங்க" என்று அவனுக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பஸ்ஸில் அண்ணனும் நானும் பாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். "தொண்டை வலிக்காதாடா?" என்றான். வயிற்றிலிருந்து கத்தினால் வலிக்காது என்று விளக்கினேன். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அம்மா சமையலறையிலிருந்து வந்து, அண்ணனைப் பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு அவன் பேரைச் சொன்னாள், நிறுத்தாமல் முழுசாக, இரண்டு தடவை. அப்பா நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பேப்பரை இறக்கி அண்ணனைப் பார்த்தார். பிறகு அவனைத் தாண்டி, எனக்குப் பின்னால், காலியாகக் கிடந்த வாசற்படியைப் பார்த்தார்.

"நீ மட்டுமா வந்த?"

"ஆமாப்பா."

"அந்தப் பிள்ள?"

கூப்பிட்டது தன்னை மட்டும்தான் என்று அண்ணன் எப்படிச் சொல்வான்? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "சோறு ஆக இன்னும் நேரம் இருக்கு" என்றார். "போய்க் கூட்டிட்டு வா. அவளும் வந்தப்புறம் எல்லாரும் உக்காரலாம்."